மாவுக்காரி போட்ட படம்

முகப்பேரில் எங்கள் நந்தவனம் ஃப்ளாட்ஸுக்கு மாவு கொண்டுவரும் பானுப்பிரியா மேல் ஒரு கிரிமினல் கேஸ் நடக்கிறது. மின்னணு வழியாக ஆபாசப் படம் அனுப்பினாள் என்று கேஸ். தகவல் தொழில்நுட்பச் சட்டம், அறுபத்தேழாவது பிரிவு. மூன்று வருஷம் வரை உள்ளே வைக்கலாம். அவளுக்காக ஆஜராகும் வக்கீல் நான்தான். பெயர் ஷம்ஷாத். அதே ஃப்ளாட்ஸில் பி பிளாக்கில் குடியிருக்கிறேன், அவள் மாவில்தான் இட்லி ஊற்றுகிறேன். எனக்கு வாய் நீளம் என்று கோர்ட் டவாலியிலிருந்து எங்கள் வாட்ச்மேன் வரை சொல்வார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும். இந்த விஷயத்தை வாயைச் சுருக்கிக்கொண்டு சொல்ல என்னால் ஆகாது.

பானுவுக்கு முப்பத்தாறு, முப்பத்தேழு இருக்கும். அவள் பிறந்தபோது அவள் அப்பா கோவிந்தனுக்கு எந்த நடிகையைப் பிடித்திருந்தது என்று யாரும் கேட்கத் தேவையில்லை. கோவிந்தன் அயப்பாக்கம் பக்கம் அடுத்தவர் நிலத்தில் கூலி வேலை செய்தவர். நிலமெல்லாம் மனை ஆனதும் ஆவடியில் கான்ட்ராக்டில் மூட்டை தூக்கப் போனார். பானு எட்டாவதோடு நின்று, அம்பத்தூர் எஸ்டேட்டில் ஒரு துணி ஏற்றுமதி கம்பெனியில் சேர்ந்தாள். தைத்து வரும் சட்டைகளில் பிசிறு வெட்டும் வேலை. அங்கே ஒரு சூப்பர்வைசர், பெண்கள் குனிந்தால் இடிப்பான், நிமிர்ந்தால் உரசுவான். மற்றவர்கள் ஒதுங்கி ஒதுங்கிப் போனார்கள். இவள் ஒருநாள் அவன் கையைக் கெட்டியாகப் பிடித்து, ஹாலுக்கு நடுவில் தூக்கிக் காட்டி, "இந்தக் கை எங்க வந்துச்சின்னு கேளுங்கோ" என்று கத்திவிட்டாள். அன்றைக்கு வேலை போனது அவளுக்கு. அவன் பிறகு மேனேஜர் ஆனான் என்று கேள்வி.

எனக்கு அவளைப் பிடித்துப்போனது இந்தக் கதையைக் கேட்டபிறகுதான். அவளுக்குக் கல்யாணமாகி மண்ணூர்பேட்டையில் வாடகை வீடு. புருஷன் அருள் ஷேர் ஆட்டோ ஓட்டுகிறான். அம்பத்தூர் ஓ.டி.யிலிருந்து ஆவடி, ஆவடியிலிருந்து ஓ.டி. அவள் கிரைண்டர் வாங்கி மாவு அரைக்க ஆரம்பித்தபோது, பாக்கெட்டில் ஒட்ட ஸ்டிக்கர் அடித்துக்கொண்டு வந்தவன் அவன்தான். "பானு ஈர மாவு" என்று பெரிதாக, கீழே அவள் மொபைல் நம்பர். நம்பர் போட்டால்தான் வியாபாரம் என்றான். சரியாகத்தான் சொன்னான். நோன்பு மாசத்தில் கஞ்சிக்கு அரிசியை ஒன்றிரண்டாக உடைத்து எனக்கென்று தனியாகக் கொண்டுவருவாள். நாலு பிளாக் மாடிப்படி ஏறி இறங்குகிறவளுக்கு அவசரம் என்றால் என் வீட்டு பாத்ரூம்தான். மற்ற வீடுகளில் மாவு வாங்கிக்கொள்வார்கள், பாத்ரூம் என்று கேட்டால் முகம் ஒரு மாதிரி ஆகும்.

எங்கள் ஃப்ளாட்ஸுக்கு ஒரு வாட்ஸ்அப் குரூப் உண்டு. 'நந்தவனம் ஃபேமிலி' என்று பெயர். நூற்றறுபது வீடு, வீட்டுக்கு ஒருவராவது அதில் இருப்பார்கள். ரோஜாப்பூ படத்தோடு காலை வணக்கம் சொல்வது, லிஃப்ட் நின்றால் சண்டை போடுவது, தண்ணீர் லாரி எங்கே என்று கேட்பது, இவையெல்லாம் போக அந்தக் குரூப்புக்கு ஒரு முக்கியமான வேலை உண்டு. எது கண்ணில் பட்டாலும் போட்டோ எடுத்து, "இது யாருது?" என்று போடுவது. வழியை மறித்து நிற்கும் ஸ்கூட்டர், இது யாருது? மொட்டை மாடியிலிருந்து பறந்து விழுந்த உள்பாவாடை, இது யாருது? படிக்கட்டில் அசிங்கம் செய்த நாய்க்குட்டி, இது யாருது? ஐந்து நிமிஷத்தில் சொந்தக்காரர் ஸாரி சொல்லிவிடுவார். சொல்லாவிட்டால் எதிர்வீட்டுக்காரர் காட்டிக்கொடுத்துவிடுவார்.

மாவு ஆர்டர் எடுக்க வசதியாக இருக்கட்டும் என்று பானுவையும் அதில் சேர்த்தார் எங்கள் சங்கச் செயலாளர் ஏகாம்பரம். ஆவடி தொழிற்சாலையில் வேலை பார்த்து ரிட்டையர் ஆனவர். பானுவுக்கு எழுத வராது என்றில்லை, எழுதச் சோம்பல். எல்லாவற்றையும் பேசியே அனுப்புவாள். ஒருதடவை சி பிளாக் படிக்கட்டில் ஒரு வெள்ளிக் கொலுசு கிடந்ததைப் படமெடுத்து, "இது யாருது?" என்று அவளும் போட்டாள். உரியவர் கைக்குக் கொலுசு போய்ச் சேர்ந்தது. அன்றைக்குக் குரூப்பில் ஒரே கைத்தட்டல். ஏகாம்பரம் சார், "பானு நம் குடும்பத்தில் ஒருவர்" என்று எழுதினார். அதை என்னை வாசித்துக் காட்டச் சொல்லிக் கேட்டாள். இந்தக் கட்டடத்துக்குள் எதையாவது கண்டெடுத்தால் குரூப்பில் போட வேண்டும், போட்டால் ஆள் தெரிந்துவிடும் என்று அவள் கற்றுக்கொண்டது அப்படித்தான்.

ஆடி மாசம், வேம்புலியம்மன் கோயிலில் கூழ் ஊற்றும் வாரம். காலையில் பெயரோ முகப்படமோ இல்லாத ஒரு நம்பரிலிருந்து, "மாவு இருக்கா" என்று வந்தது. "கீது சார், எந்த பிளாக்கு?" என்று பேசி அனுப்பினாள். பதிலுக்கு ஒரு படம் வந்தது. அவளிடம் வாங்கும் பாதிப் பேர் காலி டப்பாவைப் படமெடுத்து அனுப்புவார்கள், இந்த டப்பா நிறைய வேண்டும் என்று. மாவு ஒட்டிய கையை நைட்டியில் துடைத்துக்கொண்டு, டப்பா என்று நினைத்துத்தான் திறந்தாள்.

அந்தப் படத்தில் இருந்ததை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஒரு ஆண் தன்னைத்தானே எடுத்துக்கொண்டது. முகம் கிடையாது. இவ்வளவு போதும்.

அன்றைக்கு அவள் யாரிடமும் சொல்லவில்லை. கிரைண்டர் ஓடிக்கொண்டிருந்தது, பக்கத்தில் அருள் பல் விளக்கிக்கொண்டிருந்தான், போனைக் கவிழ்த்து வைத்துவிட்டாள். மறுநாள் காலையில் இன்னொரு படம். கூடவே, "பிடிச்சிருக்கா?" என்று ஒரு கேள்வி. இந்தத் தடவை அவள் அதைக் கொஞ்ச நேரம் பார்த்தாள். பின்னால் என்னிடம் சொன்னாள், "நடுவுல பாக்க முடியல மேடம். அதான் ஓரத்த பாத்தேன்." ஓரத்தில் சுவர் தெரிந்தது. சுவரில் நீல மீன்.

எங்கள் பில்டர் எல்லா பாத்ரூமிலும் இடுப்பு உயரத்தில் நீல மீன் போட்ட டைல்ஸை வரிசையாகப் பதித்து வைத்திருக்கிறார். பார்க்கச் சகிக்காத மீன். உதடு வேறு பெரிதாக. என் வீட்டில் எத்தனையோ தடவை அதைப் பார்த்திருக்கிறாள். பார்த்ததும் அடையாளம் தெரிந்துவிட்டது. அனுப்புகிறவன் எங்கேயோ இருக்கும் எவனோ இல்லை, நந்தவனத்துக்காரன். தினமும் அவள் மாவைத் தின்கிறவன்.

அவள் என்ன செய்வாள்? குரூப் சொல்லிக்கொடுத்ததைச் செய்தாள். படத்தை அப்படியே குரூப்பில் போட்டு, கூடவே பேசியும் அனுப்பினாள். எனக்கு அந்தக் குரல் மனப்பாடம். "சார், மேடம், எல்லாருக்கும் வணக்கம். நம்ம பில்டிங்லேர்ந்து எவனோ எனுக்கு இத்த அனுப்பிகினே கீறான். பின்னால மீனு டைல்ஸு கீது பாருங்கோ. இது யாருதுன்னு தெரிஞ்சா அவுங்க ஊட்டுல சொல்லி வைங்கோ."

ரோஜாப்பூவுக்கும் தண்ணீர் லாரிக்கும் நடுவில் அந்தப் படம் நின்றது. அடுத்த நிமிஷமே பதில்கள் வந்து விழுந்தன. "குரூப்பில் குழந்தைகள் இருக்கிறார்கள்!" "சீ, என்ன பெண் இவள்!" "உடனே நீக்கவும்." "இதற்குத்தான் வெளியாட்களைச் சேர்க்கக்கூடாது என்று அன்றே சொன்னேன்." நூற்றறுபது வீட்டில் ஒருவருக்காவது, 'அனுப்பினவன் யார்?' என்று கேட்கத் தோன்றவில்லை. மீனை ஒருவரும் பார்க்கவில்லை. நான் அப்போது குளித்துக்கொண்டிருந்தேன். நான் போனைக் கையில் எடுத்தபோது ஏகாம்பரம் அவளைக் குரூப்பை விட்டு நீக்கியிருந்தார்.

பானு பயந்துபோய்ப் படத்தை அழிக்கப் பார்த்திருக்கிறாள். அழிப்பதில் இரண்டு விதம் உண்டல்லவா, எல்லோருக்கும் அழிப்பது, தனக்கு மட்டும் அழிப்பது. அவள் தனக்கு மட்டும் அழித்துவிட்டாள். அவள் கண்ணுக்குப் படம் போய்விட்டது, மற்ற எல்லோர் போனிலும் நின்றது. ஏகாம்பரம் எப்படியோ தேடிப் பிடித்து அதை எடுப்பதற்குள் வேண்டியவர்கள் சேமித்துக்கொண்டார்கள்.

என் வீட்டு வாசலில் வந்து நின்றவளின் போனை வாங்கிப் பார்த்தேன். அந்த நம்பரிலிருந்து வந்த இரண்டு படமும் இல்லை. 'இந்தச் செய்தி நீக்கப்பட்டது' என்று இரண்டு வரி மட்டும் இருந்தது. அவன் அழித்துவிட்டான். குரூப்பில் படத்தைப் பார்த்த உடனே அழித்துவிட்டான். அந்த நம்பர் குரூப்பில் இல்லை, ஆனால் அவன் இருந்தான். எல்லோரோடும் சேர்ந்து 'சீ' என்றும் எழுதியிருப்பான்.

"கவலப்படாத பானு, இதுக்கு சட்டம் இருக்கு" என்றேன். பெண்ணின் விருப்பம் இல்லாமல் ஆபாசத்தைக் காட்டினால் அது பாலியல் தொல்லை, அதற்குப் புதிய தண்டனைச் சட்டமான நியாய சன்ஹிதாவில் தனிப் பிரிவு. அதை போன் வழியாக அனுப்பினால் இன்னொரு சட்டம். மாவு கொண்டுவரும் அவள் ஸ்கூட்டரில் பின்னால் உட்கார்ந்து போகும் வழியெல்லாம் சொல்லிக்கொண்டே போனேன். சிக்னலில் திரும்பி, "நெசமாவே சட்டம் கீதா மேடம்?" என்று கேட்டாள். அந்த முகத்தில் அத்தனை சந்தோஷம். கம்பெனியில் கத்திய அன்றைக்கு இல்லாத சட்டம் இப்போதாவது வந்ததே என்ற சந்தோஷம்.

ஸ்டேஷனில் எங்களுக்கு முன்னாலேயே எங்கள் ஏ பிளாக் அஜித்குமார் வந்து புகார் கொடுத்துவிட்டுப் போயிருந்தார். ஐ.டி. கம்பெனியில் வேலை. அவருடைய சின்னப் பெண் டேப்லெட்டில் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டாளாம். புகாரோடு படத்தைக் கலரில் பிரின்ட் எடுத்து இணைத்திருந்தார். அது மேஜையில் கவிழ்ந்து கிடந்தது. உதவி ஆய்வாளர் ஒரு பெண். மரியாதையாகத்தான் பேசினார்.

"உங்களுக்கு வந்த படம் எங்கம்மா?"

"அழிச்சிட்டான் மேடம்."

"இது?" என்று பிரின்டைத் திருப்பிக் காட்டினார். பானு முகத்தைத் திருப்பிக்கொண்டாள்.

"அதே படம் தான் மேடம்."

"இத குரூப்ல போட்டது யாரு?"

நான் அவள் கையை அழுத்தினேன். அவள் என்னைப் பார்க்கவில்லை. "நான் தான் போட்டேன். போடாம இன்னா பண்றது?" என்றாள். பக்கத்தில் இருந்த எழுத்தர் குனிந்து எழுதிக்கொண்டார்.

அறுபத்தேழாவது பிரிவு, யார் அனுப்பினார், என்ன அனுப்பினார் என்று கேட்கும். ஏன் அனுப்பினார் என்று நின்று கேட்கும் பழக்கம் அதற்கு இல்லை. பானுவின் புகாரில் குற்றவாளிக்குப் பெயர் இல்லை, முகம் இல்லை, படமும் இல்லை. அஜித்குமாரின் புகாரில் எல்லாம் இருந்தது. பெயர், விலாசம், நம்பர், சாட்சி சொல்ல ஒரு குடியிருப்பு முழுக்க ஆள், போதாததற்கு அவள் வாயால் ஒப்புக்கொண்டது. நான் கத்தினேன், செக்‌ஷன் செக்‌ஷனாக எடுத்துப் போட்டேன். அவள் புகாருக்கு மனு ரசீது கொடுத்தார்கள். அவர் புகாருக்கு எஃப்.ஐ.ஆர். போட்டார்கள். தடயம் என்று அவள் போனை வாங்கி வைத்துக்கொண்டார்கள். ஆர்டர் எடுக்கும் போன் அது. அருளும் கோவிந்தனும் வந்து ஜாமீன் கையெழுத்துப் போட்டு அவளை அழைத்துப் போனார்கள். கோவிந்தன் மகளை நிமிர்ந்தே பார்க்கவில்லை.

அஜித்குமாரை லிஃப்டில் பிடித்துக்கொண்டேன்.

"ஏங்க, அனுப்பினவன் மேல நீங்க ஏன் கம்ப்ளெயின்ட் குடுக்கல?"

"அவன் யாருன்னு தெரியாதே மேடம்," என்றார். "இவங்கள தெரியும். என் பொண்ணு என்னப்பா இதுன்னு கேட்டா மேடம், நான் என்ன சொல்றது?" அவர் கண் கலங்கித்தான் இருந்தது. கெட்ட ஆள் என்று சொல்ல எனக்கு ஆசைதான். அப்படிச் சொல்ல முடியாதபடி நின்றார்.

படம் ஊர் சுற்ற ஆரம்பித்தது. 'முகப்பேர் மாவுக்காரி அனுப்பிய படம்' என்று தலைப்போடு போன் போனாகப் போனது. அப்படி அனுப்பிய ஒருவர் மேலும் கேஸ் இல்லை. ஆட்டோ ஸ்டாண்டில் அருளிடம் ஒருத்தன், "இன்னா மாமே, மாவோட இதுவும் ஃப்ரீயா?" என்று கேட்டானாம். அவன் சட்டையைப் பிடித்துவிட்டு வீட்டுக்கு வந்த அருள், மீதி இருந்த ஸ்டிக்கர் சுருளைக் கிழித்துப் போட்டான். "இன்னாத்துக்கு ஊரு பூரா நம்பர ஒட்டிகினு திரிஞ்ச?" என்றான்.

"நீ தானய்யா அச்சடிச்சிகினு வந்த?" என்றாள் பானு. அதோடு அவன் அவளோடு பேசுவதை நிறுத்திக்கொண்டான்.

மாவு வாங்குகிறவர்கள் பாதியாகக் குறைந்தார்கள். வாங்குகிற வீடுகளுக்கு அவள் போய்க்கொண்டுதான் இருந்தாள். ஆனால் கதவை ஆண் திறந்தால் பாக்கெட்டைத் தரையில் வைத்துவிட்டு விறுவிறுவென்று இறங்கிவிடுவாள். வரவர மாவுக்காரிக்குத் திமிர் ஏறிவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். என்னிடம் சொன்னாள், "ஒவ்வொரு கதவும் தொறக்க சொல்லோ, இவனா இருக்குமோன்னு தோணுது மேடம். கெய்வனா இருந்தாலும் தோணுது, காலேஜ் பையனா இருந்தாலும் தோணுது. எனுக்கு கேஸு கூட வேணாம். எவன்னு தெரிஞ்சா போதும். மத்தவங்கள நல்லவங்கன்னு நெனச்சிப்பேன்ல?"

அவள் கேட்டது அவ்வளவுதான்.

குற்றம் சாட்டப்பட்டவர் தரப்புக்குப் போலீஸ் ஆவணங்களின் நகல் கொடுக்க வேண்டும். அப்படி அந்தக் கலர் பிரின்ட் என் கைக்கு வந்தது. கோர்ட் வராந்தாவில் அதை மடித்து, நடுவை மறைத்து, ஓரத்தை மட்டும் அவளிடம் காட்டி, இது நம் கட்டட டைல்ஸ்தான் என்று எப்படி நிரூபிக்கலாம் என்று பேசிக்கொண்டிருந்தேன். அவள் விரலை வைத்தாள். "மேடம், இந்த மீனு தலகீழா கீது."

ஆமாம். வரிசையில் எல்லா மீனும் இடதுபக்கம் பார்த்து நீந்தின. ஒன்று மட்டும் வயிறு மேலே, தலை வலதுபக்கம். கொத்தனார் அவசரத்தில் திருப்பிப் பதித்துவிட்டுப் போயிருக்கிறான். என் வீட்டுக்கு ஓடிப்போய்ப் பார்த்தேன், எல்லாம் நேராக இருந்தது. தலைகீழ் மீன் எந்த பாத்ரூமில் இருக்கிறதோ, அதுதான் வீடு. பல மாசம் கழித்து அன்றைக்குத்தான் எனக்கு வயிறு நிறையச் சோறு இறங்கியது.

உதவி ஆய்வாளர் அம்மா பிரின்டை நன்றாகத்தான் பார்த்தார். "புரியுது மேடம். ஆனா நூத்தறுபது வீட்டு பாத்ரூமுக்குள்ள நான் எப்படி மேடம் போறது?" என்றார். அந்த நம்பரைத் தேடியாயிற்று, எங்கேயோ கட்டட வேலைக்கு வந்துபோன ஒரு வடநாட்டு ஆளின் பெயரில் இருக்கிறது, போன் அணைந்து கிடக்கிறது, விசாரணை நிலுவையில் இருக்கிறது என்று சொன்னார். சரி, கோர்ட்டில் மனு போட்டு உத்தரவு வாங்குகிறேன் என்று வந்தேன்.

பானுவுக்கு அதுவரை பொறுக்கவில்லை. மாவு கொடுக்கிற வாசலிலேயே கேட்க ஆரம்பித்துவிட்டாள், "உங்க ஊட்டு பாத்ரூம்ல மீனு தலகீழா கீதா, பாத்து சொல்லுங்கோ." சிலர் சிரித்தார்கள். சிலர் கதவைச் சாத்தினார்கள். ஒருவர், உனக்கென்ன பைத்தியமா என்றார்.

டி பிளாக் ஷோபனா மட்டும் அவளிடம் எப்போதும் பிரியமாக இருப்பார். காபி கொடுப்பார், பழைய புடவை கொடுப்பார், படம் போட்ட அன்றைக்கும் அவர் திட்டி எழுதவில்லை. கையில் கரண்டியோடு, "இரு, பார்த்துட்டு வரேன், என்னமோ போ" என்று சிரித்துக்கொண்டே உள்ளே போனாராம். பானு வாசலில் நின்றாள். அடுப்பில் ஏதோ தீய்கிற வாசனை வந்தது. அணைக்க யாரும் வரவில்லை. ரொம்ப நேரம் கழித்து வந்தவர் கையில் கரண்டி இல்லை. "இல்ல பானு. எல்லாம் நேராத்தான் இருக்கு" என்றார், தரையைப் பார்த்து. மறுநாளிலிருந்து அந்த வீட்டில் மாவு வேண்டாம் என்று சொல்லிவிட்டார்கள்.

"அந்த ஊடு தான் மேடம்" என்றாள் பானு.

அந்த வீட்டில் மூன்று ஆண்கள். ஷோபனாவின் கணவர், கணவரின் தம்பி, கல்லூரியில் கடைசி வருஷம் படிக்கும் மகன். நான் ஷோபனாவைக் கோயில் வாசலில் வழிமறித்தேன். "நீங்க பார்த்தீங்கல்ல ஷோபனா?" என்றேன். பூக்கூடையை இறுக்கிப் பிடித்துக்கொண்டார்.

"என் பையனுக்கு கேம்பஸ் இன்டர்வியூ வருது மேடம்" என்றார்.

"நான் பையனைப் பத்திக் கேட்கலயே."

"எனக்குத் தெரியாது மேடம். நெஜமா எனக்கு யாருன்னு தெரியாது" என்று சொல்லிவிட்டு அழுதுகொண்டே போனார். மூன்று பேருக்கும் சோறு போட்டுக்கொண்டு, மூன்று பேரையும் பார்த்துக்கொண்டு அவர் அந்த வீட்டில் இருக்க வேண்டும். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது, பாவமாகவும் இருந்தது. அந்தப் பாவத்தால் பானுவுக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை.

அந்த பாத்ரூமைப் பார்வையிட உத்தரவு கேட்டு மனு போட்டேன். வாய்தா. அடுத்த தடவை நீதிபதி லீவு. இதற்கிடையில் ஏகாம்பரம் சமாதானப் பேச்சோடு வந்தார். பானு குரூப்பில் மன்னிப்புக் கேட்டால் போதும், அஜித்குமார் கேஸை வற்புறுத்த மாட்டார், மாவும் பழையபடி வாங்குவார்கள் என்றார். சமாதானம் ஆனாலும் எஃப்.ஐ.ஆர். தானாகப் போகாது, ஹைகோர்ட்டுக்குப் போய்த்தான் அதை ரத்து செய்ய வேண்டும், அதுவரை வாய்தாவுக்கு வாய்தா போய் நிற்க வேண்டும் என்று நான் பானுவிடம் சொன்னேன். மன்னிப்புக் கேட்காதே என்றும் சொன்னேன். அருள் அவளோடு பேசாமலே அவளைக் கேட்க வைத்துவிட்டான். "ஊட்டுக்குள்ள ஒரு சத்தமும் இல்ல மேடம். கிரைண்டர் சத்தம் மட்டும் தான் கீது" என்றாள்.

அவளிடம் போன் இல்லை. என் போனில்தான் பேசினாள். "சார், மேடம், நான் அந்தப் படத்த போட்டது தப்பு. கொயந்தைங்க கீற எடத்துல போட்டுட்டேன். மன்னிச்சிடுங்கோ." குரூப்பில் கட்டைவிரல்களும் கைகூப்பல்களும் வந்து விழுந்தன. ஏகாம்பரம், "பானுவின் பெருந்தன்மை பாராட்டத்தக்கது" என்று எழுதினார். பானு என் தோளுக்குப் பின்னாலிருந்து எட்டிப் பார்த்துக்கொண்டே இருந்தாள்.

"இதுல அந்த ஊட்டு கை கீதா மேடம்?"

இருந்தது. ஷோபனாவின் நம்பரிலிருந்து ஒரு கைகூப்பல். ஷோபனாவின் கணவரிடமிருந்து ஒரு கட்டைவிரல்.

அடுத்த வாரம் டி பிளாக்கிலிருந்து டிரில்லிங் சத்தம் கேட்டது. இவ்வளவு பெரிய குடியிருப்பில் யார் வீட்டிலாவது எப்போதும் ஏதாவது இடித்துக்கொண்டுதான் இருப்பார்கள். நான் காதில் வாங்கவில்லை. பிறகு குரூப்பில் ஒரு படம் வந்தது. பைக் நிறுத்தும் இடத்தில் வழியை மறித்து இடிபாட்டு மூட்டைகள். அஜித்குமார்தான் போட்டிருந்தார். "இது யாருது?"

ஐந்து நிமிஷம்கூட ஆகவில்லை. "ஸாரி சார், எங்களுதுதான். பாத்ரூம் வேலை நடக்குது, நாளைக்கு எடுத்துடறோம்" என்று ஷோபனாவின் கணவர் பதில் போட்டார். பலர் அதற்குக் கட்டைவிரல் காட்டினார்கள்.

பானு அப்போது என் வீட்டு வாசலில்தான் மாவோடு நின்றாள். நான் சொல்லி முடிப்பதற்குள் படிக்கட்டில் ஓடினாள். நான் பின்னால் போனபோது மூட்டைகளைச் சிமென்ட் தரையில் கவிழ்த்து இரண்டு கையாலும் கிளறிக்கொண்டிருந்தாள். சுண்ணாம்பும் சிமென்டும் நீலச் சில்லுகளும். விரலில் ரத்தம் வந்தது, பார்க்கவில்லை. போகிற வருகிறவர்கள் ஒதுங்கிப் போனார்கள். பெரும்பாலும் உடைந்த மீன்கள், தலை தனி, வால் தனி. நாலைந்து மட்டும் முழுசாக இருந்தன. அவற்றை முந்தானையால் துடைத்துத் தரையில் பரப்பினாள்.

எல்லாம் ஒரே மீன்தான். சுவரில் இருந்தவரைக்கும்தான் அதில் ஒன்று தலைகீழ்.

ஒன்றைக் கையில் எடுத்தாள். "இப்டி புடிச்சா நேரா கீது மேடம்," என்றாள். அதைத் திருப்பினாள். "இப்டி புடிச்சா தலகீழா கீது."

மறுபடியும் திருப்பினாள்.